கையில் ஆறு பென்னி: 1600-ம் ஆண்டு லண்டனில் நாடகத்துக்கு எங்கே போவது?

1600-ம் ஆண்டு, அக்டோபரோ நவம்பரோ. லண்டனில் நண்பகல் தாண்டிவிட்டது. மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் இடுப்பில் தொங்கும் சுருக்குப்பையில் ஒரே ஒரு வெள்ளி நாணயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராணி எலிசபெத்தின் தலை, தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாப்பூ. ஆறு பென்னியிலும் மூன்று பென்னியிலும் ரோஜா உண்டு. இரண்டு பென்னியிலும் ஒரு பென்னியிலும் ரோஜா கிடையாது. உங்களுடையது ஆறு பென்னி. இரண்டு மணிக்கு ஊரின் பல மூலைகளில் நாடகம் தொடங்கப் போகிறது. இந்தக் காசை எங்கே கொடுப்பது?

முதலில் காசின் மதிப்பு. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. லண்டனில் தச்சர், கொத்தனார் போன்ற கைத்தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி 12 முதல் 16 பென்னி வரை. மண் சுமக்கும் கூலியாளுக்கு 8 முதல் 10. ஒரு பென்னி என்பது சுமார் அரை கிராம் வெள்ளி. சிறு பொத்தான் அளவுதான் இருக்கும், கீழே விழுந்தால் தேடி எடுப்பதே பாடு. ஆனால் அதற்கு ஒரு ரொட்டி வாங்கலாம், அல்லது கால் கேலன் அளவு நல்ல பீர் குடிக்கலாம்.

ஷேக்ஸ்பியர் காலத்து நாடகம் என்றாலே "ஒரு பென்னி டிக்கெட்" என்று சொல்லிவிடுவார்கள். தவறில்லை. ஆனால் அந்த ஒரு பென்னி வாசலில் கொடுக்கும் காசு மட்டும்தான். மொத்தச் செலவு அதுவல்ல. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வாசலுக்குப் போவோம்.

தேம்ஸ் நதிக்குத் தெற்கே, பேங்க்சைடில், குளோப் அரங்கம். போன ஆண்டுதான் எழுப்பினார்கள். வடக்கே ஷோர்டிச்சில் ஜேம்ஸ் பர்பேஜ் 1576-ல் கட்டிய தியேட்டர் என்ற அரங்கின் மரங்களை, நிலக் குத்தகைத் தகராறில், 1598 டிசம்பர் கடைசியில் பிரித்து எடுத்து வந்து இங்கே நிறுத்தியது. நடுவில் திறந்த முற்றம். அதைச் சுற்றி மூன்று அடுக்கு கேலரி. முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடை.

இங்கே கட்டணம் எப்படி என்பதை 1599 செப்டம்பரில் வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ்காரர் எழுதி வைத்திருக்கிறார். கீழே நிற்பதற்கு ஒரு பென்னி. உட்கார வேண்டுமென்றால் இன்னொரு கதவில் இன்னொரு பென்னி. எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்கவும், நம்மை மற்றவர்கள் பார்க்கவும் வசதியான மெத்தை இருக்கை வேண்டுமென்றால் அடுத்த கதவில் மேலும் ஒரு பென்னி. ஒன்று, இரண்டு, மூன்று. கதவுக்குக் கதவு கையை நீட்டும் முறை. வசூல்காரர்கள் காசைச் சின்ன மண் உண்டியலில் வாங்குவார்கள். உடைத்தால்தான் காசு வெளியே வரும். பக்கத்திலேயே இருந்த ரோஸ் அரங்கின் அடித்தளத்தை 1989-ல் தோண்டியபோது அந்த உண்டியல்களின் ஓடுகள் கிடைத்தன. அப்படியும் வசூல்காரர்கள் காசைச் சட்டைக் காலருக்குள் நழுவவிடுகிறார்கள் என்ற புகார் இருந்துகொண்டேதான் இருந்தது.

சரி, ஒரு பென்னி முற்றம். இதுதான் அந்தக் காலத்துத் தரை டிக்கெட். கூரை கிடையாது, இரண்டு இரண்டரை மணி நேரம் நிற்க வேண்டும், மழை வந்தால் நனைய வேண்டும். பக்கத்தில் நிற்பவர் பூண்டு தின்றுவிட்டு வந்திருப்பார். திருடன் கை உங்கள் சுருக்குப்பையைத் தேடும். பிடிபட்ட முடிச்சவிழ்க்கியை மேடைத் தூணில் கட்டி வைத்து எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்று நடிகர் வில் கெம்ப் இதே 1600-ல் எழுதுகிறார். ஆனால் முற்றத்துக்கு ஒரு பெருமை உண்டு: மேடைக்கு மிகப் பக்கம் அதுதான். நடிகனின் செருப்பு உங்கள் முகத்துக்கு எதிரே. இந்த ஊரில் மிக மலிவான இடம்தான் மிக நெருக்கமான இடம். இன்றைய அரங்கு எதிலும் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

இரண்டு பென்னிக்கு கேலரி. தலைக்கு மேல் கூரை, கீழே பலகை. தூரம் அதிகமோ என்று யோசிக்க வேண்டாம். குளோப்பின் துல்லியமான அளவு ஒப்பந்தம் நம்மிடம் இல்லாவிட்டாலும், அதைக் கட்டிய பீட்டர் ஸ்ட்ரீட் என்ற அதே தச்சரோடு அரங்க முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவும் நடிகர் எட்வர்ட் ஆலினும் 1600 ஜனவரியில் போட்ட ஃபார்ச்சூன் அரங்க ஒப்பந்தம் இருக்கிறது. 440 பவுண்டு செலவு. வெளியே 80 அடிச் சதுரம், உள்ளே முற்றம் 55 அடிச் சதுரம். மேடை 43 அடி அகலம், முற்றத்தின் பாதி வரை நீளும். அப்படியானால் மேடை விளிம்பிலிருந்து எதிர்க் கேலரிக்கு இருபத்தேழரை அடிதான். ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் நீளம்கூட இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் நடிகனின் முகம் தெரியும்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி வேறு. கீழடுக்கைச் சுற்றி வலுவான இரும்பு முட்கள் பதிக்க வேண்டும் என்கிறது. ஏன்? ஒரு பென்னி கொடுத்தவன் தாவி ஏறி இரண்டு பென்னி இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாதே! அந்த இரண்டாவது பென்னியை மிச்சம் பிடிக்க எத்தனை பேர் முயன்றிருந்தால் கட்டுமான ஒப்பந்தத்திலேயே முள் வந்திருக்கும்.

மூன்று பென்னி மெத்தை. இதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன். இரண்டு பென்னியில் கிடைக்கும் கூரையும் பலகையும் இதிலும் உண்டு. கூடுதலாகக் கிடைப்பது மெத்தையும், "பார்க்கவும் பார்க்கப்படவும்" என்று பிளாட்டர் சொன்ன அந்த இரண்டாவது பாதியும்தான். புதுச் சட்டை போட்டிருந்தால் யோசிக்கலாம்.

அப்புறம் பிரபுக்கள் அறை. கையிலிருக்கும் ஆறு பென்னி முழுதும் இதற்கே போய்விடும். எங்கே இருக்கிறது தெரியுமா? மேடைக்குப் பின்பக்கச் சுவரின் மேல், உப்பரிகை மாதிரி. அங்கிருந்து நடிகர்களின் முதுகும் உச்சந்தலையும் நன்றாகத் தெரியும். வசனம் எல்லாம் எதிர்ப்பக்கம் போகும். ஆனால் அரங்கில் உள்ள இரண்டாயிரம் மூவாயிரம் பேரும் உங்களைப் பார்த்தபடியே இருப்பார்கள். மிக அதிக விலை, மிக மோசமான காட்சி. வாங்கியவர்களும் ஏமாந்து வாங்கவில்லை, விற்றவர்களும் ஏமாற்றி விற்கவில்லை. 1599-ல் சவுதாம்ப்டன் பிரபுவும் ரட்லண்ட் பிரபுவும் அரசவைப் பக்கம் தலைகாட்டாமல் தினமும் நாடகம் பார்த்தே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று ஒரு கடிதம் சொல்கிறது. அவர்களுக்கு ஆறு பென்னி ஒரு செலவா?

நதியைத் தாண்டாமல் பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியும். நகரத்தின் வடமேற்கே, கிரிப்பிள்கேட் வாசலுக்கு வெளியே, நான் சொன்ன ஃபார்ச்சூன் இந்த இலையுதிர் காலத்தில்தான் திறந்திருக்கிறது. கட்டணம் குளோப்பைப் போலத்தான். ஆனால் படகு வேண்டாம். பேங்க்சைடுக்குப் போக வேண்டுமென்றால் தேம்ஸில் ஒரே ஒரு பாலம், லண்டன் பாலம். சுற்றி நடந்தால் காசு இல்லை, நேரம் போகும். படகில் ஏறினால் போக ஒரு பென்னி, வர ஒரு பென்னி. யோசித்துப் பாருங்கள்: நாடகத்துக்கு ஒரு பென்னி, படகுக்கு இரண்டு. வடக்கே குடியிருப்பவர் ஃபார்ச்சூனுக்கு நடந்துபோனால் அந்த இரண்டில் ஒன்றைப் போட்டு கேலரியில் உட்கார்ந்துவிட்டு, மற்றொன்றுக்கு பீர் குடிக்கலாம்.

ஆனால் கட்டணத்தை மட்டும் பார்த்து அரங்கத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதே. குளோப்பில் நடிப்பவர் ஜேம்ஸின் மகன் ரிச்சர்ட் பர்பேஜ், ஃபார்ச்சூனில் எட்வர்ட் ஆலின். சில ஆண்டுகள் மேடையை விட்டு ஒதுங்கியிருந்த ஆலின் இந்தப் புது அரங்குக்காகத் திரும்பி வந்திருக்கிறார். டாக்டர் ஃபாஸ்டஸாகவும் தைமூராகவும் அவர் நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பர்பேஜுக்கு எழுதிக் கொடுப்பவர் ஷேக்ஸ்பியர். இதில் யாரைப் பார்ப்பது என்பது உங்கள் ரசனை. நான் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே பாலத்தைச் சுற்றி நடந்துவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. புது நாடகத்தின் முதல் நாளில் கட்டணத்தை இரட்டிப்பாக்கிவிடுவார்கள். கூட்டமும் முண்டியடிக்கும். இந்தக் குழுக்கள் வாரத்தில் ஆறு நாளும் நாளுக்கொரு நாடகம் போடுபவை. 1594-95 பருவத்தில் ஆலினின் குழு 38 நாடகங்கள் போட்டது, அதில் 21 புதியவை. ஆகவே இரண்டு வாரம் பொறுத்தால் அதே நாடகம் பழைய விலைக்கு மறுபடி வரும். வராமல் போனால், அது அவ்வளவு நன்றாக இல்லை என்று அர்த்தம்.

இப்போது இன்னொரு வகை. புனித பவுல் பேராலயத்துக்குத் தென்மேற்கே பிளாக்ஃபிரையர்ஸில், பழைய மடத்தின் கூடத்தில், சிறுவர்கள் மட்டும் நடிக்கும் ஒரு குழு தொடங்குகிறது. ஜேம்ஸ் பர்பேஜ் 1596-ல் 600 பவுண்டு கொடுத்து வாங்கிய கூடம். அங்கே நாடகம் போடக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் மனுப் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அந்த மனுவில் பர்பேஜ் குழுவின் புரவலரான ஹன்ஸ்டன் பிரபுவே கையெழுத்துப் போட்டிருந்தார் என்பது தனிக் கூத்து. ஜேம்ஸ் மறு ஆண்டே இறந்துவிட்டார். சும்மா கிடந்த கூடத்தை இந்த ஆண்டு செப்டம்பரில் ஹென்றி எவன்ஸ் என்பவர் சிறுவர் குழுவுக்காகக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்.

இங்கே எல்லாருக்கும் கூரை உண்டு, எல்லாருக்கும் இருக்கை உண்டு, மெழுகுவத்தி வெளிச்சம், அங்கத்துக்கு அங்கம் இசை. 66 அடிக்கு 46 அடிதான் கூடம். மிகக் குறைந்த கட்டணமே ஆறு பென்னி. அந்த ஆறு பென்னிக்குக் கிடைப்பது மேடைக்கு மிகத் தொலைவான மேல் வரிசை. காசு ஏற ஏற மேடையை நெருங்கலாம், பக்கத்து மாடத்துக்கு இரண்டரை ஷில்லிங் வரை போகும். தனியாகக் காசு கொடுத்தால் மேடை மேலேயே ஒரு முக்காலி போட்டு உட்காரலாம். குளோப்பில் ஏழைதான் மேடைக்கு அருகில் நிற்பான். இங்கே பணக்காரன்தான் மேடைக்கு அருகில். இன்று உலகம் முழுக்க டிக்கெட் விற்கும் முறை இந்தக் கூடத்தின் முறையே தவிர குளோப்பின் முறை அல்ல. குளோப்பில் ஆறு தடவை நிற்கும் காசுக்கு இங்கே ஒரு தடவை கடைசியில் உட்காரலாம். மழைக்காலம் முழுக்க வீட்டிலேயே கிடக்க வேண்டியவருக்கு இது பரவாயில்லை. மற்றவர்கள் இதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

நாடகமே வேண்டாம் என்றால்? குளோப்புக்கு அருகிலேயே கரடிக் கூடம். கம்பத்தில் கட்டிய கரடிமேல் நாய்களை ஏவிவிடும் ஆட்டம். அதற்கும் கட்டணம் ஒரு பென்னியில்தான் தொடங்கும், மேலே உட்கார இரண்டு. வசதியிலும் விலையிலும் நாடகத்துக்கு நேர்ப் போட்டி இதுதான். காசே இல்லாமல் கேட்கலாம் என்றால் பேராலய முற்றத்தில் பிரசங்கம். எக்காளம் ஊதினால் நாடகத்துக்கு ஆயிரம் பேர் ஓடுகிறார்கள், ஒரு மணி நேரம் மணியடித்தாலும் பிரசங்கத்துக்கு நூறு பேர் வருவதில்லை என்று 1578-லேயே ஒரு பாதிரியார் நொந்துகொண்டார். படிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு வழி: அச்சுப் புத்தகம். ஒரு நாடகப் பிரதி ஏறக்குறைய ஆறு பென்னி. இந்த ஒரே ஆண்டில் வெனிஸ் வணிகன், ஐந்தாம் ஹென்றி உள்பட ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் ஐந்து புதிதாக அச்சாகியிருக்கின்றன. புத்தகம் படிக்க மழையில் நனைய வேண்டாம். ஆனால் பர்பேஜின் குரல் அதில் இருக்காது.

இப்போது நான் தள்ளிப் போட்ட விஷயம்: மொத்தச் செலவு. அது நாடக நேரத்தில் தொடங்குகிறது. நாடகம் ஏன் இரண்டு மணிக்கு? வெளிச்சம் வேண்டுமே. திறந்த அரங்கில் சூரியன்தான் விளக்கு. முன்பு நான்கு மணிக்கு ஆரம்பித்துக்கொண்டிருந்தார்கள். இனி இரண்டு மணிக்கே தொடங்கி நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் முடித்துவிடுவார்கள் என்று 1594-ல் ஹன்ஸ்டன் பிரபு நகர மேயருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்குத் தடை. ஆக, நாடகம் பார்ப்பதென்றால் வேலைநாளில், வேலை நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும்? 1563-ம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அதற்கும் கணக்கு வைத்திருக்கிறது. செப்டம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வேலை. இல்லாமல் போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலியில் ஒரு பென்னி பிடித்தம்.

ஒரு மணிக்கு ஒரு பென்னி! குளோப்பில் நிற்கும் காசும் ஒரு மணி நேரம் வேலையில் இல்லாத காசும் ஒன்றே. இப்போது தச்சர் ஒருவருக்குக் கணக்குப் போடுவோம். மதியம் ஒரு மணிக்கு உளியைக் கீழே வைத்தால், இருட்டுவதற்குள் நான்கு மணி நேரம் போய்விடும். நான்கு பென்னி. படகில் போய் வந்தால் இரண்டு. இடையில் ஒரு குவளை பீருக்கு ஒன்று. வாசலில் ஒன்று. மொத்தம் எட்டு பென்னி. அவருடைய அரை நாள் கூலி, அல்லது அதற்கும் மேல். அதில் நாடகக்காரர்கள் கைக்குப் போனது எட்டில் ஒன்று.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, அந்தத் தச்சர் முற்றத்தில் நிற்பது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. ஏழு பென்னியை ஏற்கெனவே இழந்துவிட்டு, எட்டோடு ஒன்பதாவதாக ஒரு பென்னி போடுவதற்கு யோசித்து, மழையில் நனைந்து, கால் கடுத்து வீடு திரும்புவதில் என்ன லாபம்? படகை விட்டுவிட்டுப் பாலத்தில் நடந்தால் அந்தப் பென்னி தானே மிச்சமாகிறது. கூலி வாங்கும் மனிதருக்கு இரண்டு பென்னி கேலரிதான் சரியான இடம். முற்றம் அவருக்கு மலிவல்ல.

முற்றம் யாருக்கு மலிவு? கூலியே இல்லாதவனுக்கு. அதே சட்டம் தொழில் பழகும் பையன்களை ஏழு ஆண்டுக்குக் குறையாமல் முதலாளியிடம் கட்டிப் போடுகிறது. சோறும் படுக்கையும் உண்டு, சம்பளம் கிடையாது. அவன் நழுவிப் போகும் மதியம் முதலாளியின் மதியம். அவன் இழப்பது அந்த ஒரு பென்னி மட்டும்தான், பிடிபட்டால் கூடுதலாக முதுகுத்தோல். நாடகங்கள் வேலைப் பையன்களைக் கெடுக்கின்றன என்று நகர மேயர்கள் மீண்டும் மீண்டும் அரசவைக்கு எழுதியதில் ஆச்சரியமே இல்லை. முதலாளிகள்தானே நகரத்தை ஆண்டவர்கள். பையனின் டிக்கெட்டில் பெரிய பங்கை அவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் படிக்கும் மாணவர் கதை நேர் எதிர். மதியம் முழுக்க அவருடையது, கூலிப் பிடித்தம் இல்லை, வீட்டிலிருந்து பணம் வருகிறது. மூன்று பென்னி மெத்தையும், பிளாக்ஃபிரையர்ஸின் ஆறு பென்னியும் அவரைக் குறிவைத்து வைத்த விலைகள். நகரத்து வியாபாரியின் மனைவியும் தோழிகளோடு வருவாள். பெண்கள் தயக்கமில்லாமல் நாடகம் பார்ப்பதைக் கண்டு வெளிநாட்டவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். கூட்ட நெரிசல் பிடிக்காத அவளுக்கும் இரண்டு பென்னி கேலரியே போதும்.

நாள் கூலி எட்டு பென்னி வாங்கும் சுமைக்காரரைப் பற்றி என்ன சொல்வது? 1594 முதல் 1597 வரை அறுவடை தொடர்ந்து பொய்த்தது. ரொட்டியின் விலை எப்போதும் ஒரு பென்னிதான், தானிய விலை ஏறினால் எடையைக் குறைப்பார்கள் என்பது சட்டம். அந்த ஆண்டுகளில் ரொட்டி சுருங்கிக்கொண்டே போனது. அரங்க வாசலின் பென்னி மட்டும் மாறவில்லை. 1570-களில் வாங்கிய அதே ஒரு பென்னியைத்தான் 1600-லும் வாங்குகிறார்கள். எண்ணிக்கையில் மாறாத கட்டணம், ரொட்டியோடு ஒப்பிட்டால் மலிந்துகொண்டே வந்திருக்கிறது. வீட்டில் நான்கு வாய் இருக்கும் சுமைக்காரருக்கு அந்த ஒப்பீடு உதவாது. அவருக்கு அது இன்னமும் ஒரு ரொட்டிதான்.

சரி, உங்கள் ஆறு பென்னிக்கு வருவோம். நீங்கள் கூலிக்காரர், வேலையை இன்று விட்டாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். பாலம் வழியாக நடங்கள். வழியிலேயே நாணயத்தைச் சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள், வாசல் நெரிசலில் மீதி எண்ண நேரம் இருக்காது. குளோப்பில் முதல் கதவில் ஒன்று, கேலரிக் கதவில் ஒன்று. மேடைக்கு நேர் எதிரே, நடு அடுக்கில் இடம் பிடியுங்கள். ஆப்பிளோ கொட்டையோ உள்ளேயே விற்றுக்கொண்டு வருவார்கள், ஒரு பென்னியை அதற்கு வைத்துக்கொள்ளலாம். சுருக்குப்பையை இடுப்பில் தொங்கவிடாமல் மடியில் வைத்துக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று பென்னி அதில்தான் இருக்கிறது. மூன்றாவது எக்காளம் ஊதிவிட்டது.